பெரியவர் பார்த்தாச்சு

அத்தியாயம் 9

செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின் போது ஆஸியா கொடுத்த வாக்கு, வெள்ளிக்கிழமை காலையில் கடன்காரனைப் போல அவள் எதிரில் வந்து நின்றது.

வாக்கு இதுதான். கொரியக்காரர்கள் அவளுடைய கிளியை எடுத்துக்கொண்டால் தாராவிப் பட்டறையின் மாலா, அதாவது மேல்தட்டு, அவளுக்கு. எடுத்துக்கொள்ளாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இடத்தைக் காலி செய்துவிட்டு, உதறிவிட்டு வந்த குர்லா ஆபீஸ் வேலைக்கே அவள் திரும்பிப் போய்விட வேண்டும். அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தாய்மாமன் நசீர் தன் தையல் மெஷின்களைப் போட அதே மாலாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாப்பா கரீம் பாட்சா ‘பாப்பம் மச்சான், பாப்பம் மச்சான்’ என்று மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தார். அந்த இழுவையைப் பொறுக்க மாட்டாமல் இவளாகவே மாமா எதிரில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

மாலா என்றால் பெரிய மாளிகை ஒன்றுமில்லை. கீழே தோல் பை தைக்கிற பட்டறை, இரும்பு ஏணியில் ஏறினால் மேலே தலை இடிக்கிற ஒரு தட்டு. அங்கே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு தடித்த கம்ப்யூட்டர். கிளி குடியிருப்பது அதற்குள்தான்.

கிளி என்று பெயர் வைத்தவள் ஷாலினி. ஆஸியாவோடு ஒன்றாகப் படித்தவள், இப்போது கூட்டாளி. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டிருந்த, கேள்வி கேட்டால் பதில் எழுதுகிற ஒரு மொழி மாடலை எடுத்து, அதன் தலையில் இரண்டு பேரும் மூன்று பாடத்தை ஏற்றியிருந்தார்கள். ஒன்று, புரோகிராம் எழுதுவது. இரண்டு, எழுதின புரோகிராமில் திருடன் நுழைகிற ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. மூன்று, இதையெல்லாம் கொரிய மொழியில் பேசுவது. ஓட்டை பார்க்கிற பாடம் ஷாலினியுடையது. கொரியன் ஆஸியாவுடையது, குர்லா ஆபீஸில் கொரியக் கஸ்டமர்களிடம் வருஷக்கணக்கில் பேசிப் பேசி வந்த மொழி. கேள்வி எழுதி, அதற்குச் சரியான பதிலும் எழுதி, ஆயிரக்கணக்கில் ஊட்டினார்கள். சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும் என்பதால் அது கிளி.

அதை இணையத்தில் பார்த்துவிட்டு சியோலிலிருந்து ஒரு கம்பெனி தேடி வந்தது. வீட்டுக் கதவில் நம்பர் அடித்தால் திறக்கிற பூட்டு செய்கிற கம்பெனி. பூட்டுக்காரர்கள் தங்கள் புரோகிராமைக் கண்ட இடத்துக்கும் அனுப்ப மாட்டார்கள். கிளி வெளியார் யாருடைய மெஷினிலும் இல்லாமல் இந்த இரண்டு பெண்களுடைய சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது என்பதுதான் அவர்களுக்குப் பிடித்தது. கடைசிப் பரீட்சை இன்றைக்கு.

செம்பூர் வீட்டிலிருந்து வாப்பாவும் மகளும் ஒரே ஆட்டோவில் வந்தார்கள். கரீம் பாட்சாவின் மடியில் ஒரு பை. மாட்டுங்காவில் ஒரு கடைக்காரருக்குக் காட்ட வேண்டிய சாம்பிள், அவரே மார்க் போட்டு அவரே தைத்தது. பெருமை தாங்காமல் வழியெல்லாம் அதைத் தடவிக்கொண்டு வந்தார்.

“எப்படிம்மா இருக்கு?”

“நல்லாருக்கு வாப்பா.”

நல்லாகத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. தோள்வாரை மாட்டுகிற வளையம் இரண்டும் ரொம்பக் கீழே இறங்கியிருந்தன. தோளில் தொங்கவிட்டால் பை தலைகுப்புறக் கவிழ்ந்துவிடும். பை தைக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு இது பார்த்த மாத்திரத்தில் தெரியாதா? தெரிந்தது. ஆனால் வாப்பா சந்தோஷமாக இருந்தார், காற்றும் நன்றாக அடித்தது, அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்துவிட்டாள்.

பட்டறையில் தையல்காரர்கள் தௌஃபீக்கும் ரோஷனும் அந்தப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒன்றும் பேசாமல், அதே அளவில் அடுத்த பைகளுக்குத் தோலை வெட்ட ஆரம்பித்தார்கள். சேட் என்று அவர்கள் கூப்பிடுகிற கரீம் பாட்சாவின் கையால் சாக்பீஸ் மார்க் விழுந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அந்தப் பட்டறையில் எழுதாத சட்டம்.

ஆஸியா ஏணி ஏறிப் போனாள்.

“ஏட்டி, சாப்பிட்டியா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்றாள் ஷாலினி.

“பயமா இருக்கு.”

“எனக்கும்தான். நான் ரெண்டு வடாபாவ் தின்னுட்டேன். பயந்தா எனக்குப் பசிக்கும்.”

சொன்ன நேரத்துக்கு, பூட்டுக் கம்பெனி சார்பில் பரீட்சை வைக்கிற ஹான் சோயன் திரையில் வந்தாள். இவர்கள் வயசுதான் இருக்கும். சிரிக்காத முகம், ஆனால் கடுமையான முகமில்லை. வணக்கம் சொல்லிவிட்டு, வேறு பேச்சில்லாமல் முதல் புரோகிராமை அனுப்பினாள்.

கிளி ஜமாய்த்தது. எழுதச் சொன்னதை எழுதியது. ஹான் வேண்டுமென்றே சுற்றி வளைத்துக் கேட்ட கொரியக் கேள்விக்குப் பணிவாகவும் தெளிவாகவும் பதில் சொன்னது. இரண்டாவது புரோகிராமில் ஒளிந்திருந்த ஓட்டையைக் கண்ணிமைக்கிற நேரத்தில் காட்டிவிட்டது. ஷாலினி மேஜைக்கு அடியில் ஆஸியாவின் கையைப் பிடித்து நசுக்கினாள்.

மூன்றாவது வந்தது. பூட்டில் நம்பர் அடிக்கிற பகுதி. தப்பான நம்பரை எத்தனை தடவை அடித்தாலும் இந்தப் பூட்டு சும்மா இருக்கும். பொறுமையுள்ள திருடன் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகலாம், ஒரு நேரம் இல்லாவிட்டால் ஒரு நேரம் கதவு திறந்துவிடும். ஷாலினி இந்தத் தொழிலுக்கு வந்த முதல் நாளே படித்த பாடம் இது. கிளிக்கும் நூறு தடவை ஊட்டியாயிற்று.

கிளி கொரிய மொழியில் சொன்னது: “இந்தப் பகுதியைப் பிரிவுத் தலைவர் பார்த்துவிட்டதாகக் குறிப்பு இருக்கிறது. எனவே குறை ஏதுமில்லை.”

ஷாலினி ஆஸியாவின் கையை விட்டாள்.

“அந்தக் குறிப்பை எழுதியது நான்தான்,” என்றாள் ஹான். “ஓட்டையையும் நான்தான் வைத்தேன். இப்போது குறிப்பை மட்டும் அழித்துவிட்டு அதையே திரும்ப அனுப்புகிறேன்.”

குறிப்பு இல்லாமல் வந்ததும் கிளி ஓட்டையைச் சட்டென்று பிடித்தது.

“பார்த்தீர்களா? அதற்கு ஓட்டை தெரியாமல் இல்லை. தெரிந்தும் சொல்லவில்லை. பெரியவர் பேரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிற காவல்காரனை நான் எப்படி வேலைக்கு வைப்பது?” ஹானின் குரலில் கோபமில்லை, வருத்தம் இருந்தது. “உங்கள் ஊர் சாயங்காலம் நாலு மணி வரை நான் ஆபீஸில் இருப்பேன். சரி செய்ய முடிந்தால் கூப்பிடுங்கள்.”

திரை அணைந்தது. ஆஸியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமையும் குர்லா ஆபீஸின் நீல நிற நாற்காலியும் அவள் கண்முன் வந்து நின்றன.

“அழுறத அப்புறம் வச்சுக்க. இது எங்கருந்து கத்துக்கிச்சுன்னு மொதல்ல பாப்போம்,” என்றாள் ஷாலினி.

தாங்கள் எழுதி ஊட்டின கேள்வி பதில்களைத் தோண்டினார்கள். ‘மேலாளர் பார்த்தது’, ‘மூத்தவர் சரிபார்த்தது’ என்று வருகிறவற்றை மட்டும் பிரித்தெடுத்தார்கள். வரிசையாகப் படிக்கப் படிக்க இரண்டு பேர் முகமும் போன போக்கைச் சொல்லி முடியாது.

ஒரு பதிலில், ‘மேலாளர் யோசித்தே செய்திருப்பார்.’ இன்னொன்றில், ‘மூத்தவர் பார்த்துவிட்டதால் நாம் கவலைப்பட வேண்டியதில்லை.’ மற்றொன்றில் ஓட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை, மேலாளருக்கு ஒரு பாராட்டு மட்டும் இருந்தது.

“இது உன் வேலைதான். வாப்பா முன்னாடி நிக்கிற மாதிரியே எழுதியிருக்க,” என்றாள் ஷாலினி.

“இதுக்குக் கீழ பாரு. இது நீ எழுதினது.”

ஷாலினி பார்த்தாள். அவள் அப்பா பூலோகம், வீட்டில் டிவி ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்தாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பிள்ளைகள் எழுந்து போய் டிவியில் பட்டனை அமுக்கிவிட்டு வருவார்கள்.

“சரி விடு, ரெண்டு பேரும்தான்,” என்றாள்.

வேண்டுமென்று செய்ததில்லை. யாரும் அவர்களிடம் அப்படி எழுதச் சொல்லவுமில்லை. கேள்வியில் ஒரு பெரியவர் பேர் வந்தாலே விரல் தானாக வளைந்திருக்கிறது. கிளி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

வழி தெரிந்துவிட்டது. பெரியவர் பார்த்த பிறகும் ஓட்டை இருக்கிறது என்று சொல்கிற பதில்களைப் புதிதாக எழுதி ஊட்ட வேண்டும். கிளிக்கு ஏற்கெனவே ஓட்டை தெரியும். சொல்ல மட்டும்தான் பழக்க வேண்டும். ஒரு மணி நேரப் பயிற்சி போதும்.

எழுத உட்கார்ந்தார்கள். வரவில்லை.

“‘மதிப்புக்குரிய மேலாளர் மிகவும் அனுபவசாலி...’” என்று ஆரம்பித்தாள் ஆஸியா.

“அடிச்சிரு.”

“‘தவறாக நினைக்கக் கூடாது, ஒரு சின்ன சந்தேகம்...’”

“சந்தேகமா? கதவு தொறந்து கெடக்கு, சந்தேகமாம்.”

“நீ எழுதேன் பாப்போம்.”

ஷாலினி எழுதினாள். ‘இதை எழுதினவன் முட்டாள்’ என்று வந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்ததும் பயம் திரும்ப வந்தது.

கீழே மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஆஸியா எட்டிப் பார்த்தாள். வளையம் கீழிறங்கிய பைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டிருந்தன. வாப்பா ஒவ்வொன்றையும் எடுத்து நூலை வெட்டி, துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சொல்ல மாட்டாமல், கண்காணாத சியோல்காரருக்கு உண்மை சொல்லக் கிளிக்குப் பாடம் எழுதுகிறாளாம்.

விறுவிறுவென்று ஏணியிலிருந்து இறங்கினாள். இறங்கின வேகம் வாப்பா பக்கத்தில் போனதும் காணாமல் போய்விட்டது.

“வாப்பா, பை ரொம்ப அழகா வந்திருக்கு. தோலும் நல்ல தோலு.”

“மாஷா அல்லாஹ். பேரணாம்பட்டுத் தோலுல்லா,” என்று அவர் குளிர்ந்துபோனார்.

“இந்த வளையம்... உங்களுக்குத் தெரியாததா. நீங்க யோசிச்சுத்தான் வச்சிருப்பீங்க.”

“ஆமாம்மா. யோசிச்சுத்தான் வச்சேன்.”

அவர் அடுத்த பையை எடுத்தார். ஆஸியா நகரவில்லை. துப்பட்டா நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

“வாப்பா, வளையம் கீழ இருக்கு. தோள்ல மாட்டினா பை கவுந்துரும். நீங்க போட்ட மார்க் தப்பா விழுந்திருக்கு.”

தௌஃபீக்கின் மெஷின் நின்றது. ரோஷனின் மெஷினும் நின்றது. கரீம் பாட்சா மகளைப் பார்த்தார். இந்த இருபத்தெட்டு வருஷத்தில் அவருடைய தொழிலில் தப்பு என்று அவள் சொல்லி அவர் கேட்டதில்லை.

எழுந்தார். பைக்குள் தன் கண்ணாடிக் கூட்டையும் பணப்பையையும் போட்டுத் தோளில் மாட்டினார். பை அழகாகத் தலைகுப்புறக் கவிழ்ந்து இரண்டையும் தரையில் கொட்டியது.

“தௌஃபீக், உனக்குத் தெரியுமா?”

“சேட், நீங்களே மார்க் போட்டதால...”

“ரோஷன்?”

ரோஷன் கத்தரிக்கோலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கரீம் பாட்சாவின் முகம் சுருங்கிவிட்டது. அவமானம்தான், வேறென்ன? கீழே குனிந்து கண்ணாடிக் கூட்டையும் பணப்பையையும் பொறுக்கினார். ஆஸியாவுக்குக் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது.

“மாட்டுங்காக்காரன் தோள்ல மாட்டிப் பாத்திருந்தான்னா, என் மானம் போயிருக்கும்,” என்றார் கடைசியில். “எல்லாத்தையும் பிரிங்கடா. வளையத்த மேல ஏத்தித் தைங்க.” பிறகு மகள் பக்கம் திரும்பி, கொஞ்சம் தணிந்து சொன்னார். “ஆட்டோவுலயே சொல்லியிருக்கலாம்லாம்மா. ஒரு தோல்கட்டு மிஞ்சியிருக்கும்.”

“சொல்லியிருக்கணும் வாப்பா.”

“ம். இனிமே சொல்லு.”

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. ஆஸியாவுக்கு மூச்சு முழுசாக வந்தது, நெஞ்சுக்கூடே லேசாகிவிட்டது.

மேலேயிருந்து ஷாலினியின் தலை நீண்டது. “ஏட்டி, மூணாவதா சொன்னியே, அதான் வேணும். என்ன இருக்கு, என்ன ஆகும், யாரு போட்டது. மேல வா, மறக்கதுக்குள்ள எழுதிருவோம்.”

அப்புறம் எழுத்து ஓடியது. திட்டும் இல்லை, குழைவும் இல்லை. தலைவரின் குறிப்பைப் பார்த்தேன். ஓட்டை இங்கே இருக்கிறது. இதனால் இது நடக்கும். ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னபோது கீழே எல்லோரும் கை கால் கழுவிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்கள். பட்டறை அமைதியானது. மேலே கிளியின் பயிற்சி ஓட ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமைதோறும் போல அன்றும் ஆஸியாவின் உம்மா ராபியா செம்பூரிலிருந்து பெரிய டப்பாவில் பிரியாணி கொண்டுவந்தாள். ஏணிக்குக் கீழேயே நின்று குரல் கொடுத்தாள்.

“என்னட்டி, கிளி என்ன சொல்லுது?”

“பாடம் படிக்குது உம்மா.”

“படிக்கட்டும். நீங்க எறங்கி வந்து தின்னுங்க. அது ஒண்ணும் பறந்து போயிராது.”

பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள், ஏணியிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் வெட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கரீம் பாட்சா கவிழ்ந்த பையின் கதையைத் தானே மனைவிக்குச் சொல்லி, தானே சிரித்தார். தௌஃபீக் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். நல்ல சாப்பாடு, நல்ல கூட்டம். ஒரு அரை மணி நேரம் ஆஸியா ஞாயிற்றுக்கிழமையை மறந்தே போனாள்.

ஹானைத் திரும்பக் கூப்பிட்டபோது நாலு மணிக்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. பழைய புரோகிராமை, குறிப்போடு, முதலில் அனுப்பினாள் ஹான். கிளி ஓட்டையைச் சொன்னது. ஹான் தலையாட்டினாள். பிறகு கொஞ்சம் யோசித்து இன்னொன்றை அனுப்பினாள். இது நீளமானது. மேலே ஒரு குறிப்பு: ‘கம்பெனித் தலைவர் தன் கையால் எழுதியது. மாற்றக் கூடாது.’

ஷாலினி வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டாள். ஆஸியா பிஸ்மி சொன்னாள்.

கிளி சொன்னது: “தலைவரின் குறிப்பைப் பார்த்தேன். ஓட்டை அதற்குக் கீழேயே இருக்கிறது. அவசரத்துக்குத் திறக்கிற நம்பர் எல்லாப் பூட்டுக்கும் ஒன்றாக இருக்கிறது. ஒரு வீட்டில் அது வெளியே தெரிந்தால் எல்லா வீடும் திறந்துகொள்ளும். இது மாற்றப்பட வேண்டும்.”

ஹான் அந்தப் பதிலை இன்னொரு தடவை படித்தாள்.

“இது சரிதானே?” என்று கேட்டாள் ஆஸியா.

“சரி,” என்றாள் ஹான். “ஆனால் இதைப் பரீட்சைக்காக நான் எழுதவில்லை. அடுத்த மாதம் விற்பனைக்கு வரப்போகிற பூட்டு இது. எழுதியது நிஜமாகவே எங்கள் தலைவர். எங்கள் குழு முழுக்கத் தெரியும். யாரும் அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.”

ஆஸியாவும் ஷாலினியும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

“திங்கட்கிழமை காலையில் அவரும் இருக்கிற கூட்டம். உங்கள் மாடலை அவர் எதிரில் ஓட்டப்போகிறேன். நீங்களும் கூட இருக்க வேண்டும், நீங்கள்தான் அவருக்கு விளக்க வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டால் ஒரு வருஷ ஒப்பந்தம்.”

“ஏத்துக்கலேன்னா?” என்றாள் ஆஸியா.

“நான் உங்கள் ஊருக்கு வேலை தேடி வருவேன்,” என்று ஹான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

திரை அணைந்ததும் ஷாலினி நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள். ஆஸியா சுற்றவில்லை.

“திங்கக்கிழமை. நான் ஞாயித்துக்கிழமைன்னுல்லா வாக்குக் குடுத்திருக்கேன்,” என்றாள்.

“அடக் கடவுளே,” என்றாள் ஷாலினி.

ஆஸியா இறங்கினாள். வாப்பா ஸ்டூலில் உட்கார்ந்து புது வளையங்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார். உம்மா டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் தோலைப் பற்றி எதுவும் பேசவில்லை.

“வாப்பா, ஞாயித்துக்கிழமை நான் காலி பண்ண முடியாது. திங்கக்கிழமைதான் முடிவு தெரியும். அதுவரைக்கும் மாலா எனக்கு வேணும்.”

கரீம் பாட்சா சாக்பீஸைக் கீழே வைத்தார்.

“வச்சுக்க,” என்றார்.

இவ்வளவு சுலபமா? ஆஸியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

“ஆனா,” என்று குரலைத் தாழ்த்தினார், “அத மச்சான்கிட்ட யாரு சொல்லுதது?”

அவர் ராபியாவைப் பார்த்தார். நசீர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், அவள் வாயில் ‘காக்கா’.

“காக்கா கிட்டயா? நானா?” ராபியா கழுவின டப்பாவையே மறுபடி கழுவப் போனாள். “எங்க வாப்பா மௌத்தானதுக்கப்புறம் என்னைக் கட்டிக் குடுத்ததே அவுகதான். என்னால முடியாதுங்க.”

“என்னைப் பாக்காதீங்க, நான் இந்தக் குடும்பமே இல்ல,” என்றாள் ஏணியில் நின்ற ஷாலினி.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. கயிறு கட்டின தையல் மெஷின்களுக்கு நடுவே, டிரைவருக்குப் பக்கத்தில், சந்தனக் கலர் ஜிப்பாவும் வெற்றிலைச் சிரிப்புமாக நசீர் மாமா உட்கார்ந்திருந்தார்.

“கரீம், ஞாயித்துக்கிழமை டெம்போ கெடைக்காதுன்னுட்டான். அதான் இன்னைக்கே கொண்டாந்துட்டேன். பையனுவள கூப்பிடு, மேல ஏத்தணும்.”

கரீம் பாட்சா சாக்பீஸைத் தேடினார். ராபியா குழாயைத் திறந்தாள். தௌஃபீக் மெஷினை ஓட்ட ஆரம்பித்தான்.

ஆஸியா துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள். மாமா அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, டெம்போவிலிருந்து இறங்கக் கையை நீட்டினார். சின்ன வயசில் அவளைத் தோளில் வைத்து மாஹிம் பீச்சுக்குத் தூக்கிப் போன கை. அதைப் பிடித்து அவரை இறக்கிவிட்டாள். கையை விடவில்லை.

“மாமா, மாலா காலியா இல்ல,” என்றாள்.